விடுமுறையில் பார்த்த படங்கள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். நானும் சுங்கை சிப்புட்தான். முன்பு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்தோம், இப்போது தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. நீங்கள் எழுதுவதை மகள் போனில் எடுத்துக் கொடுப்பாள், படிப்பேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

2024 தீபாவளியை ஒட்டியும் கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் வீட்டில் நிறையப் படம் பார்த்தோம். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

மெய்யழகன்: வீட்டில் பார்த்தேன், அழுதேன். ஆனால் ரொம்ப நீளம். நடுவில் எழுந்து போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தேன், அப்போதும் இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அமரன்: தீபாவளிக்கு மறுநாள் ஈப்போவில் பார்த்தோம், குடும்பமே போனோம். அந்த மேஜர் இறந்துவிடுவார் என்று தெரிந்துதான் போனோம், இருந்தும் தாங்க முடியவில்லை. அவர் மனைவிக்காகத்தான் அழுதேன். லப்பர் பந்து: எங்கள் வீட்டில் இதற்குத்தான் முதல் மார்க். எனக்குக் கிரிக்கெட்டில் ஒன்றும் தெரியாது, என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. ஆனாலும் அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று கத்தினார். விடுதலை இரண்டாம் பாகம்: இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுப் போனேன், தூங்கிவிட்டேன். விழித்தபோது யாரோ சங்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா யூனியன் கூட்டத்துக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது.

ஹோம் அலோன் வழக்கம்போல டிவியில் ஓடியது. பிள்ளைகள் திருடன்கள் அடிவாங்குவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கு, பையனை மறந்து விட்டுவிட்டுப் போன அந்த அம்மா வீடு வந்து சேருகிற வரைக்கும் மனசு ஆறாது. அப்புறம் மகள் ஒரு பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படத்தைக் காசு கட்டி வாடகைக்கு எடுத்தாள். இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப். பாதியில் எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. மறுபடி உட்கார்ந்தபோது 48 மணி நேரம் முடிந்துவிட்டது, இனிப் பார்க்க முடியாது என்று வந்தது. எல்லோருக்கும் வீடு கட்டக் கடன் கொடுக்கிறாரே ஒருவர், அவர் பாலத்துக்குப் போய் நிற்கிற வரை பார்த்தோம். குதித்தாரா இல்லையா?

அக்கா மகன் கோலாலம்பூரில் சினிமா படிக்கிறான். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். "சின்னம்மா, உங்களுக்குப் படம் பார்க்கத் தெரியல. நீங்க சொல்றது கருத்தே இல்ல" என்றான். உண்மையா அண்ணே?

இப்படிக்கு,
ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

*

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் அக்கா மகன் படிப்பை முடிக்கட்டும், அப்புறம் அவரிடம் பேசிக்கொள்ளலாம். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு படத்தைப் பற்றியும் எழுதும்போது அதை எங்கே, யாரோடு, எந்த நிலையில் பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இந்த விவரம் பத்திரிகை விமர்சனங்களில் இருப்பதில்லை. அவர்கள் எல்லோரும் நன்றாகத் தூங்கி எழுந்து, வயிறு காயாமல், தனியாக உட்கார்ந்து பார்த்ததுபோல எழுதுவார்கள்.

முன்பு நம் ஊரில் கேசட் வாடகைக்குக் கொடுத்த கடைகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் வாடிக்கையாகப் போன கடையில் கல்லாவில் இருந்த அண்ணன் பெரிய படிப்பாளி இல்லை. ஆனால் கேசட்டைக் கையில் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்பார்: "யார் யார் பார்க்கப் போறீங்க?" அம்மாவோடு என்றால் ஒரு படம், கூட்டாளிகளோடு என்றால் வேறு படம். 1991 தீபாவளிக்குத் தளபதியும் குணாவும் ஒரே நாளில் வெளியாயின. கேசட் நம் பக்கம் வந்து சேர்ந்தபோது தளபதியை அவர் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். குணாவைக் கேட்டவர்களை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வீட்டுல பெரியவங்க இருக்காங்களா?" என்றார். படம் மோசம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மனம் பிறழ்ந்த ஒருவன் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்க் குகையில் வைத்திருக்கும் கதையைப் பலகாரத் தட்டுக்கு நடுவில் வைத்துப் பார்க்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குணா அப்போது தளபதி அளவுக்கு ஓடவில்லை. 2024 பிப்ரவரியில் வந்த மஞ்ஞும்மல் பாய்ஸ் என்ற மலையாளப் படம் அந்தக் குகையையும் பாட்டையும் மறுபடி எல்லோர் வாயிலும் கொண்டுவந்து போட்டது. விழாப் படமாகத் தோற்ற ஒன்று வேறொரு படமாகப் பிழைத்து வந்துவிட்டது. கடைக்கார அண்ணன் சொன்னதும் சரி, இன்று அதைக் கொண்டாடுகிறவர்கள் சொல்வதும் சரி.

அதனால் விழா நாளில் பார்க்கும் படத்துக்கு என்று தனி அளவுகோல் உண்டு என்றே நினைக்கிறேன். தீபாவளியன்று நம் வீடுகளில் காலையிலிருந்து ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் வந்து மலாய் எழுத்து ஓட்டத்தைப் படித்துக்கொண்டு அரை மணி நேரம் பார்க்கும், சீன நண்பர்கள் வந்து பாட்டை மட்டும் பார்ப்பார்கள், வீட்டுப் பெண்கள் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடப்பார்கள். முதலிலிருந்து கடைசிவரை யாருமே பார்ப்பதில்லை. எந்த இடத்தில் நுழைந்தாலும் இடம் கொடுக்கிற படம்தான் அங்கே நிற்கும். சோறு வடித்துவிட்டு வந்த பிறகும் மெய்யழகனில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று குறை சொன்னீர்கள். எனக்கு அது அந்தப் படத்தின் பலமாகப் படுகிறது. சொந்தக்காரர் வீட்டில் நாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அதே பேச்சில் உட்காருவதில்லையா?

நீளம் என்று சொன்னது நீங்கள் மட்டுமில்லை. படம் 2024 செப்டம்பர் 27 அன்று வெளியானது. சில நாளிலேயே இயக்குநர் பிரேம்குமார் சுமார் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார். சும்மா பார்க்கிறவர்களின் கருத்துக்கு என்ன பலம் என்று அக்கா மகன் கேட்டால் அந்த 18 நிமிடத்தைக் காட்டலாம். என்னைக் கேட்டால் வெட்டியிருக்க வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் நின்ற இடம் வேறு. அழுதேன் என்று எழுதினீர்கள், எந்த இடத்தில் என்று எழுதவில்லை. எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. அரவிந்த்சாமி நடித்த அருள்மொழியின் குடும்பம் 1996-இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போகிறது. பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அவர் திரும்புகிறார். கார்த்தி ஓடி ஓடிக் கவனிக்கிறார், அவர் பெயர் என்ன என்பதே இவருக்கு நினைவில்லை. தமிழ்நாட்டில் இந்தப் படத்துக்கு அழுதவர்கள் பூர்வீக வீட்டை நினைத்து அழுதிருப்பார்கள். நம் தோட்டப்புறத்து ஆட்கள் எதை நினைத்து அழுதோம்? நாம் இருந்த லயத்து வீடு நமக்குச் சொந்தமாகவே இருந்ததில்லை. வேலை இருக்கும் வரைதான் வீடு. கித்தா (ரப்பர்) மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், செம்பனையை வெட்டித் தாமான் கட்டினார்கள், இடையில் லயமும் போய்விட்டது. தகராறு செய்து கோர்ட்டுக்குப் போகக்கூட நம்மிடம் ஒரு பத்திரம் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் அந்தப் படத்தில் பழைய சைக்கிள் வரும் இடத்தில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். விட்டுவிட்டுப் போன சைக்கிள் இன்னொரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது என்று கார்த்தி சொல்வாரே, அந்த இடம். அவர் தோட்டத்தை விட்டுக் கிளம்பியபோது லோரியில் இடமில்லாமல் என்னென்னவோ விட்டுவிட்டு வந்தவர். யாருக்காவது உதவியிருக்குமா என்று இவ்வளவு காலம் கழித்து யோசித்தாரோ என்னவோ. நான் கேட்கவில்லை.

இப்போது அந்தக் கறுப்பு வெள்ளைப் படம். அதில் நீங்கள் கவனித்தது ஒரே விஷயம்: எல்லோருக்கும் வீடு கட்டக் கடன் கொடுக்கிறவர். பலரும் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லும்போது தேவதை வரும் பகுதியைத்தான் சொல்வார்கள். நீங்கள் வீட்டில் போய் நின்றிருக்கிறீர்கள். அந்த ஊரில் பாட்டர் என்ற பணக்காரர், ஏழைகளை வாடகைக் குடிசையிலேயே வைத்திருக்கப் பார்க்கிறார். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த ஜார்ஜ் பெய்லி, தொழிலாளர்கள் போட்ட சிறு சேமிப்பைத் திரட்டி அவர்களுக்கே வீடு கட்டக் கொடுக்கிறார். எல்லோரும் பயந்துபோய்ப் பணத்தைத் திரும்பக் கேட்டு முண்டியடிக்கும்போது, உன் பணம் என் பெட்டியில் இல்லை, இன்னொருவன் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்கிற மாதிரி விளக்குவார்.

சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்க்கிறவருக்கு வேறு ஒருவர் ஞாபகம் வராமல் இருக்காது. ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன காலத்தில், 1960-இல், அமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் பால்மரம் சீவுகிறவர்களின் சம்பளத்திலிருந்து பங்குப் பணம் சேர்த்து, கெடாவில் இருக்கும் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். தோட்டம் தோட்டமாகப் போய் லயத்து வாசலில் நின்று அவர் பேசியதைக் கேட்ட பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபிராங்க் காப்ரா 1946-இல் எடுத்த படத்தை உங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து பார்த்து, அதில் வீட்டுக் கடனைப் பிடித்துக்கொண்டீர்களே, அதற்கு நீங்கள் எங்கே வளர்ந்தீர்கள் என்பதுதான் காரணம். கோலாலம்பூர் வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள்.

சரி, குதித்தாரா இல்லையா? குதித்தார். ஆனால் சாவதற்காக இல்லை. அவருக்கு முன்னால் ஒரு கிழவர் ஆற்றில் விழுந்துவிடுகிறார், அவரைக் காப்பாற்றக் குதிக்கிறார். அந்தக் கிழவர் யார், அப்புறம் என்ன ஆகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை. இன்னொரு தடவை காசு கட்டிப் பாருங்கள்.

அந்தப் படத்தின் கதையைவிட அது பிழைத்த கதை சுவாரசியமானது. வெளியானபோது போட்ட பணம் திரும்பவில்லை. 1974-இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டியவர்கள் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். இலவசமாகக் கிடைக்கிறது என்றதும் அமெரிக்காவில் ஒவ்வொரு டிவி நிலையமும் கிறிஸ்துமஸ் சமயத்தில் அதைப் போட்டுத் தள்ளியது. வருடா வருடம் பார்த்துப் பார்த்து மக்கள் அதைத் தங்கள் பண்டிகைப் படமாக ஆக்கிக்கொண்டார்கள். யாரும் விமர்சனம் படித்து அந்த முடிவுக்கு வரவில்லை. கோழி வெந்துகொண்டிருக்கும்போது டிவியில் அது ஓடியது, அவ்வளவுதான். டை ஹார்ட் என்ற சண்டைப் படம் 1988 ஜூலையில், நடுக் கோடையில் வந்தது. கதை கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவில் நடப்பதால் அது பண்டிகைப் படமா இல்லையா என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். ஹோம் அலோனுக்கு அந்தச் சண்டை இல்லை, 1990 நவம்பரில் விடுமுறைக்கென்றே வந்தது. அந்த அம்மா ஒவ்வொரு விமான நிலையமாகக் கெஞ்சிவிட்டுக் கடைசியில் முன்பின் தெரியாத பாண்டு வாத்தியக்காரர்களின் வேனில் ஏறி வருவது, பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு இரவு ஷிஃப்டுக்குப் போகிற உங்களுக்குச் சிரிப்பாக இருக்காது. பிள்ளைகள் சிரிக்கட்டும். அது அவர்கள் படம். நீங்கள் பார்ப்பது அதே திரையில் ஓடும் இன்னொரு படம்.

வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான இணைய வாடகைகள் அப்படித்தான்: எடுத்து 30 நாள் வைத்திருக்கலாம், ஓட்ட ஆரம்பித்தால் 48 மணி நேரம். வேலைக்குப் போகாத நாள் பார்த்து ஆரம்பியுங்கள். அந்தக் காலத்துக் கேசட்டுக்கு ஓர் இரவுதான் கெடு, திருப்பிச் சுற்றாமல் கொண்டுபோனால் திட்டும் உண்டு. அப்புறம் விசிடி வந்தது. ஒரு தட்டில் 74 நிமிடம்தான் பிடிக்கும். நம் படங்கள் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டினால் மூன்று தட்டு. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய தட்டு சண்டைக் காட்சியில் போய்ச் சிக்கும், கட்டம் கட்டமாக முகம் உடையும், அப்பா எழுந்து தட்டை எடுத்துக் கைலி நுனியால் துடைத்து, ஊதி, மறுபடி போடுவார். மூன்றாம் தட்டு ஓடவே ஓடாத படங்களுக்கு முடிவை நாங்களே பேசி வைத்துக்கொண்டோம். அதில் சில, இயக்குநர் வைத்த முடிவைவிட நன்றாக இருந்தன என்பது என் பணிவான அபிப்பிராயம். மாதச் சந்தா கட்டி ஆயிரம் படத்தைத் திறந்து வைத்திருக்கும் வீட்டில் ஒரு படத்தையும் முழுதாகப் பார்க்காமல் தள்ளிக்கொண்டே போகிறார்கள். ஒரு படத்துக்கென்று பத்து வெள்ளியோ என்னவோ கட்டினால் உட்கார்ந்து பார்ப்போம். உங்கள் மகள் செய்ததே நல்ல வழி.

லப்பர் பந்து பற்றி உங்கள் வீட்டுக்காரர் ஏன் எழுந்து நின்றார் என்று எனக்குத் தெரியும். மாமனாராகப் போகிறவரும் மருமகனாகப் போகிறவரும் மைதானத்தில் முறைத்துக்கொள்கிறார்கள், வயதாகிவிட்ட ஆட்டக்காரர் மனைவிக்குத் தெரியாமல் ஆடப் போகிறார். அதை நாம் கிரிக்கெட்டாகவா பார்த்தோம்? தோட்டத்துப் பாடாங் திடலில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பந்தாட்டமாகத்தான் பார்த்தோம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு குழு, ஒவ்வொரு குழுவிலும் முட்டி போன பிறகும் காலணியைக் கழற்ற மனசில்லாத ஓர் அண்ணன். ஸ்பைடர்மேன் என்று பெயர் வாங்கிய மலேசியக் கால்பந்து கோல்கீப்பர் ஆர். ஆறுமுகத்தைப்போலப் பாயப்போய்க் கையை உடைத்துக்கொண்ட பையன்கள் நம் பக்கம் எத்தனை பேர். அந்தப் படத்தில் சாதியைக் காட்டி ஒருவனைக் குழுவில் சேர்க்க மறுக்கிறார்கள். "இங்கே அதெல்லாம் இல்லை" என்று நம்மில் பலர் சொல்வார்கள். கல்யாணப் பேச்சு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அமரனில் எனக்கு மனத்தடை உண்டு. காஷ்மீர் மக்களை அது பார்க்கும் விதம் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் மேஜர் முகுந்த் வரதராஜனின் கதையை மனைவி இந்துவின் வாயால் சொல்லவைத்ததுதான் படத்தைத் தூக்கி நிறுத்துகிறது. சாய் பல்லவி இல்லாமல் அந்தக் கூட்டம் ஈப்போவில் தீபாவளி வாரத்தில் அழுதிருக்காது. இதில் நீங்கள் சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றுமில்லை.

விடுதலைக்கு வருகிறேன். இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர் தூங்கியதைப் படத்தின் குற்றமாகவும் சொல்ல முடியாது, உங்கள் குற்றமாகவும் சொல்ல முடியாது. ஆனால் விழித்த நிமிடம் அப்பா ஞாபகம் வந்தது என்கிறீர்கள். தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் 1954-இல் ஒன்றாகச் சேர்ந்து தேசியச் சங்கமான பிறகு, மாதக் கூட்டம் என்றால் எங்கள் தோட்டத்திலும் இப்படித்தான் இருக்கும். மேடையில் ஒருவர் நெடுநேரம் பேசுவார், பிள்ளைகள் பாயில் தூங்கிப் போவோம், கைதட்டும்போது விழிப்போம். வெற்றிமாறன் படத்தில் வசனம் அதிகம் என்று எனக்கும் வருத்தம்தான். பேச்சைக் கேட்டு வளர்ந்த இயக்கத்தைப் பேச்சில்லாமல் எப்படிக் காட்டுவது என்றும் தெரியவில்லை. தூங்கி எழுந்து ஒருநாள் மறுபடி பாருங்கள். முதல் பாகத்தையும் சேர்த்து.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஜகாட் என்று ஒரு படம் 2015 டிசம்பரில் வந்தது. சஞ்சய் குமார் பெருமாள் எடுத்தது, முழுக்க நம் நாட்டுப் படம். தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பில் வந்து விழுந்த குடும்பத்துப் பையன், தொண்ணூறுகளின் தொடக்கம், குண்டர் கும்பலில் சிக்கும் சிற்றப்பா, பையன் படித்தே ஆகவேண்டும் என்று அடித்து வளர்க்கும் அப்பா. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்று பரிசு வாங்கியது. அதே 2016 ஜூலையில்தான் கபாலி வந்தது. நம் கதையைப் பெரிய நடிகரை வைத்துச் சொன்ன அந்தப் படத்துக்கு இங்கே ஓடிய பிரதியில், கபாலி போலீசிடம் சரணடைந்தார் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள். கபாலிக்கு ஊரே திரண்டு போனது. ஜகாட்டுக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு பங்குகூடப் போகவில்லை. உங்கள் அம்மா இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். அதில் பேசுவது நம் ஊர்த் தமிழ். யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

அன்புடன்.